ஊர்ந்து போகும்போதுதான் ஸ்போர்ட்ஸ் பைக் தன்னைக் காட்டும்

சிங்கப்பூரில் ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை மணிக்கு 90 கிலோமீட்டருக்குக் கீழேதான் கழிக்கிறது. விரைவுச்சாலைகளில்கூட உச்ச வேக வரம்பு அதுதான். மீதி நேரம் சிக்னலில், மலேசியா போகும் உட்லண்ட்ஸ் எல்லை வரிசையில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பல மாடி வாகன நிறுத்தத்தின் சரிவுப் பாதையில். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் பைக் மாற்றும் பேச்சு எழுந்ததுமே குதிரைத்திறனும் உச்சவேகமும் முன்னால் வந்து நிற்கின்றன. வகுப்பு 2 உரிமம் கைக்கு வந்த பிறகு பைக் தேடி அலைந்த மாதங்களில் எனக்கு ஒன்று உறுதியானது: நம் ஊரில் ஒரு பைக்கை அதன் மிக மெதுவான நேரத்தை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

என் நிலையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பைக் தேர்வு ஆளைப் பொறுத்தது. உயரம் ஐந்தடி இரண்டங்குலம். வீடு ஈசூனில், வேலை துவாஸில், அதுவும் ஷிஃப்ட் வேலை. சிலேத்தார் விரைவுச்சாலை, புக்கிட் தீமா, கிராஞ்சி, பிறகு தீவு விரைவுச்சாலை என்று போக வேண்டும். அவ்வப்போது அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துத் தேக்காவுக்குப் போவேன். ஆண்டில் சில முறை மலேசியாவின் ஜோகூர் பக்கம், கோத்தா திங்கி தாண்டி மெர்சிங் வரை ஒரு நீண்ட பயணம்.

இங்கே உரிமம் படிப்படியாகத்தான் கிடைக்கும். 200 சிசி வரை 2பி. அதை ஓராண்டாவது வைத்திருந்தால் 400 சிசி வரைக்குமான 2ஏ. மேலும் ஓராண்டு கழித்து, அதற்கு மேற்பட்ட எல்லாவற்றுக்கும் வகுப்பு 2. நான் யமஹா ஆர்15ல் தொடங்கி, 2ஏ காலத்தில் ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோருக்கு மாறியவள். இந்தப் படிநிலையை வெளிநாட்டு விமர்சகர்கள் கணக்கில் எடுப்பதில்லை. கவாசாக்கி நிஞ்ஜா 500ஐயும் அப்ரிலியா ஆர்எஸ்457ஐயும் புதியவர்களுக்கான பைக் என்று அவர்கள் பரிந்துரைப்பார்கள். முன்னது 451 சிசி, பின்னது 457. இரண்டையும் இங்கே ஓட்ட வகுப்பு 2 வேண்டும். 2ஏ வைத்திருக்கும் என் தம்பி அந்தக் காணொளிகளைப் பார்த்து ஆசையை வளர்த்துக்கொண்டு, பிறகு எஞ்சின் அளவைப் பார்த்து வாடிப்போனான். ஆகவே முதலில் சிசியைப் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு.

சூப்பர் ஃபோரைப் பற்றி இரண்டு வரியாவது எழுதாமல் என்னால் போக முடியாது. 399 சிசியில் நான்கு சிலிண்டர், 755 மில்லிமீட்டர் இருக்கை, எஞ்சின் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றைத் தாண்டியதும் ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டுக்குப் பதில் நான்கு வால்வுகள் விழித்துக்கொள்ளும் அமைப்பு. சிங்கப்பூரில் ஒரு தலைமுறையே 2ஏ பாடத்தை அதன் மேல் உட்கார்ந்துதான் கற்றது. ஹோண்டா 2022ல் அதன் தயாரிப்பை நிறுத்தியது. 200 கிலோ கனம் இருந்தாலும் ஊர்ந்து போகும்போது அதன் எடை தெரியாது. அடுத்து எந்த பைக்கைப் பார்த்தாலும் இதைத்தான் அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

நாங்கள் பைக்குகளை ஒப்பிட்டது ஈசூனில் ஒரு வாகன நிறுத்தத்தின் மொட்டை மாடித் தளத்தில். வேலையிடத்து அண்ணன் ஒருவர் கவாசாக்கி இசட்எக்ஸ்-6ஆர் கொண்டுவந்தார். தோழி தன் யமஹா ஆர்7ல் வந்தாள். தம்பியின் ஆர்15, என் சூப்பர் ஃபோர். எல்லா எஞ்சின்களும் அணைந்தே இருந்தன. ஒருவர் பைக்கை மற்றவர் ஓட்டிப் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது. இங்கே மோட்டார் சைக்கிள் காப்புறுதி பெரும்பாலும் பெயர் குறிப்பிட்ட ஓட்டுநருக்கு மட்டுமே. "தெருமுனை வரைக்கும் ஒரு சுற்று" என்று நண்பரின் பைக்கை எடுத்து, காப்புறுதி இல்லாமல் ஓட்டியதாகக் குற்றம் உறுதியானால் உரிமமே பறிபோகும். இரண்டு வருடத்துக்கு மேல் பாடுபட்டு வாங்கிய உரிமத்தை ஐந்து நிமிட ஆசைக்குப் பணயம் வைக்காதீர்கள். ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் சோதனை ஓட்டம் தரும் விற்பனையாளரிடம் போங்கள், அல்லது காப்புறுதியோடு வாடகைக்கு விடும் கடையில் எடுங்கள்.

எஞ்சின் அணைந்திருந்தால் என்ன தெரியும் என்று கேட்கலாம். பாதி தெரியும். ஆர்7ன் இருக்கை உயரம் 835 மில்லிமீட்டர், ஹோண்டா சிபிஆர்650ஆரின் உயரம் 810. தாளில் பார்த்தால் எனக்கு ஆர்7 எட்டாக்கனி. உட்கார்ந்தபோது கதை வேறு. இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் ஒல்லியானது, இருக்கையின் முன்பகுதியும் குறுகியது, கால்கள் நேராகக் கீழே இறங்குகின்றன. இரண்டு பாதங்களின் முன்பகுதியும் தரையைத் தொட்டன. பின்னர் கடையில் சிபிஆரில் உட்கார்ந்தபோதும் ஏறக்குறைய அதே அளவுதான் எட்டியது, தொடைகளை அகட்ட வேண்டியிருந்ததால். இருக்கை உயரத்தை மட்டும் பார்த்து ஒரு பைக்கை ஒதுக்கவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். வேலைக்குப் போடும் அதே காலணியோடு போய் உட்காருங்கள்.

அடுத்தது பின்னால் தள்ளிப் பார்ப்பது. பைக்கின் மேல் உட்கார்ந்தபடியே, கால்களால் உந்தி, நிறுத்துமிடத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டும். தரை லேசாகச் சரிந்திருக்கும் இடமாகப் பார்த்துச் செய்யுங்கள். நம் வாகன நிறுத்தங்களில் மோட்டார் சைக்கிளுக்கு ஒதுக்கப்படுவது பெரும்பாலும் தூணோரத்து மூலைதான், நேராக ஓட்டி வெளியே வர இடமிருக்காது. 188 கிலோ ஆர்7ஐ நுனிக்காலால் உந்தியபோது குதிகால் நரம்பு இழுத்தது, ஆனால் பைக் நகர்ந்தது. அண்ணனின் இசட்எக்ஸ்-6ஆர் அசையவே இல்லை. "இறங்கித் தள்ளும்மா, அதுதான் வழி" என்றார். பிறகு அவரே கைப்பிடியைக் கடைசி வரை திருப்பிக் காட்டினார். பெட்ரோல் டேங்குக்கும் கைப்பிடிக்கும் நடுவில் கட்டைவிரல் நுழைய மட்டுமே இடம். திரும்பும் கோணமும் சூப்பர் ஃபோரைவிட மிகக் குறைவு. வாகன நிறுத்தத்தின் வளைவுச் சரிவில், ஒரு காரின் பின்னால், முதல் கியரில் பாதி கிளட்சோடு ஏறும்போது இந்த இரண்டும் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஓட்டுநர் பள்ளியில் குறுகிய பலகை, எட்டு வடிவம், கூம்புகளுக்கு நடுவே வளைந்து போவது என்று நமக்குக் கற்றுக்கொடுத்ததில் பெரும்பாலானவை மெதுவாக ஓட்டும் திறன்தான். அதில் தேறித்தான் உரிமம் வாங்குகிறோம். பைக் வாங்கப் போகும்போது அந்தப் பாடத்தையே மறந்துவிடுகிறோம் என்பதுதான் எனக்கு வருத்தம்.

பிறகு முறைப்படி ஓட்டிப் பார்த்த பைக்குகளில் ஆர்7 என் மனதை மிகவும் கவர்ந்தது. 689 சிசி, 73 குதிரைத்திறன். பக்கத்தில் 95 குதிரைத்திறனோடு சிபிஆர்650ஆர், 100 குதிரைத்திறனோடு அப்ரிலியா ஆர்எஸ்660 எல்லாம் நிற்கும்போது இது ஏழைதான். ஆனால் ஆர்7ன் உச்ச இழுவை (டார்க்) 6,500 சுற்றிலேயே வந்துவிடுகிறது. சிபிஆருக்கு 8,500ஐத் தாண்ட வேண்டும். விரைவுச்சாலையில் ஆறாவது கியரில் 70ல் போய்க்கொண்டிருக்கும்போது லாரியைத் தாண்ட வேண்டுமென்றால், ஆர்7ல் கைப்பிடியை முறுக்கினால் போதும், சிபிஆரில் இரண்டு கியர் இறக்கினால் நல்லது. 14,000 சுற்றுக்கு மேல் உச்சம் தொடும் கவாசாக்கி இசட்எக்ஸ்-4ஆர் மாதிரியான பைக்குகளின் 77 குதிரைத்திறனை நம் சாலையில் சட்டத்துக்கு உட்பட்டு எங்கே பயன்படுத்துவது? தம்பியிடம் இதைக் கேட்டேன். அதன் சத்தத்துக்காகவே வாங்குவேன் என்றான். அதுவும் ஒரு நியாயமான காரணம்தான், அதைச் சத்தத்துக்காக என்று தெரிந்தே வாங்கினால்.

ஆர்7ஐ நான் விட்டதற்குக் காரணம் மணிக்கட்டு. கைப்பிடிகள் தாழ்வாக, முன்பக்க ஃபோர்க்கின் மேல்தகட்டுக்குக் கீழே பொருத்தப்பட்டிருக்கின்றன. வேகமாகப் போகும்போது எதிர்காற்று மார்பைத் தாங்கும், கைகளில் பாரம் குறையும். ஊர்ந்து போகும்போது காற்று இல்லை, உடல் எடை முழுவதும் உள்ளங்கையில் இறங்கும். இரவு ஷிஃப்ட் முடிந்து, தூக்கக் கலக்கத்தில், அந்த நிலையில் வீடு வரை வர முடியுமா என்று கேட்டுக்கொண்டேன். தோழிக்கு முடிகிறது. அவள் தினமும் யோகா செய்பவள், வீட்டிலிருந்து வேலையிடம் பத்து நிமிடம்.

வெப்பத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், கடையில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். சிபிஆர்650ஆரை வாடகைக்கு எடுத்த வார இறுதியில், வெள்ளிக்கிழமை மாலை வேண்டுமென்றே புக்கிட் தீமா விரைவுச்சாலைக்குள் நுழைந்தேன். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக்குப் போகும் கூட்டம் அங்கே பின்னோக்கித் தேங்கும் நேரம் அது. கார்களுக்கு நடுவே நின்று நின்று போகையில் எஞ்சின் வெப்பமானியின் எண் ஏறிக்கொண்டே போய், விசிறி சுழலத் தொடங்கியது. அது தள்ளிய காற்று ஃபேரிங் எனப்படும் பக்க உறையின் இடுக்கு வழியே நேராக என் கால்களின் மேல் வந்தது. முழங்காலுக்கு மேலே ஜீன்ஸ் துணி தொட்டால் சுடுமளவுக்கு ஆனது. காலை வெளியே அகட்டினால் பக்கத்து லேன் பைக்காரருக்கு இடமில்லை. எஞ்சினை அணைக்கவும் முடியாது, வரிசை ஐந்து மீட்டருக்கு ஒருமுறை நகர்கிறது. கிளட்ச் கை வலித்தது. சிபிஆரின் கிளட்ச் இலகுவானதுதான், ஆனாலும் வலித்தது. ஹோண்டா 2024 மாடலில் அறிமுகப்படுத்திய ஈ-கிளட்ச் அமைப்பில் லீவரைத் தொடாமலேயே நிற்கலாம், கிளம்பலாம். இந்த வரிசையில் நின்றவர்களுக்கு அதன் அருமை புரியும். நான் வாடகைக்கு எடுத்தது அதற்கு முந்தைய மாடல்.

நல்ல பைக் என்பதில் சந்தேகமில்லை. மெர்சிங் சாலையின் நீண்ட வளைவுகளில் அது எப்படிப் பாடும் என்று கற்பனை செய்தாலே சிலிர்க்கிறது. ஆனால் மெர்சிங் ஆண்டுக்குச் சில முறை, துவாஸ் தினமும்.

மழையும் இப்படித்தான். மத்தியானம் வெயில் கொளுத்தும், அரை மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும். மேம்பாலங்களுக்கு அடியில் மோட்டார் சைக்கிள்காரர்கள் ஒதுங்க நிலப் போக்குவரத்து ஆணையம் இடம் அமைத்திருக்கிறது. அங்கே போய்ச் சேரும் வரை வெள்ளைக் கோடுகள், சாலை வேலைக்காகப் போட்ட இரும்புத் தகடுகள் எல்லாவற்றின் மேலும் ஓட்டியாக வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக்கை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். முறுக்கும்போது பின்சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருந்தால் மனம் நிம்மதியாக இருக்கும். முதலில் வந்த ஆர்7களில் அது கிடையாது. நிஞ்ஜா 650க்கு 2023 மாடலில் வந்தது.

இனி பணம். இதிலும் குதிரைத்திறன் மோகம் எவ்வளவு செலவு வைக்கிறது என்று பாருங்கள். மோட்டார் சைக்கிளின் திறந்த சந்தை மதிப்பில், அதாவது இறக்குமதி மதிப்பில், முதல் 5,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) 15 விழுக்காடு, அடுத்த 5,000க்கு 50 விழுக்காடு, அதற்கு மேல் 100 விழுக்காடு என்று கூடுதல் பதிவுக் கட்டணம் விதிக்கப்படுகிறது. 9,000 வெள்ளி மதிப்புள்ள பைக்குக்கு அது 2,750 வெள்ளி. 14,000 வெள்ளி மதிப்புள்ளதற்கு 7,250. பைக்கின் மதிப்பு 5,000 கூடினால் கட்டணம் மட்டும் 4,500 கூடுகிறது. ஆர்எஸ்660ஐ நான் ஒதுக்கியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். 183 கிலோ எடை, மேல்தகட்டுக்கு மேலே வைத்த கைப்பிடி, ஓட்ட அவ்வளவு இதம். ஆசைப்பட்டேன், மறுக்கவில்லை.

இதற்கு மேல், வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழ். மோட்டார் சைக்கிளுக்கான டி பிரிவு 2022ல் 12,000 வெள்ளியைத் தாண்டியது நினைவிருக்கும். சான்றிதழ் பத்தாண்டுக்குத்தான். காருக்குக் கிடைப்பதுபோல் கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பி வரும் வசதி மோட்டார் சைக்கிளுக்கு இல்லை. ஆகவே பழைய பைக் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காமல், மீதமுள்ள ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். 15,000 வெள்ளிக்கு ஐந்தாண்டு மீதமிருக்கும் பைக் ஆண்டுக்கு 3,000 ஆகிறது. 22,000 வெள்ளிக்கு ஒன்பது ஆண்டு மீதமிருப்பது 2,450க்கும் குறைவு. மலிவாகத் தெரிவதுதான் விலை கூடியது. சான்றிதழ் முடியும் தறுவாயில் உள்ளதை ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தால் கட்டணம் பாதிதான், ஆனால் அதன் பிறகு மறுபடி புதுப்பிக்க முடியாது. பழைய சூப்பர் ஃபோர் தேடுபவர்கள் இதைக் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

காப்புறுதிக் கட்டணத்தை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பைக்கைப் பார்த்துவிட்டு வந்த அன்றே. ஒரே உரிமம், ஒரே வயது, ஒரே வேலை, ஆனால் 600 சிசி ஸ்போர்ட்ஸ் பைக்குக்கும் சாதாரண 650க்கும் எனக்குச் சொன்ன தொகையில் பெரிய வித்தியாசம் இருந்தது. தொகையோடு, விபத்தில் நம் கையிலிருந்து போகும் பங்கு எவ்வளவு, திருட்டுக்குக் காப்பு உண்டா, மலேசியாவில் செல்லுமா என்பதையும் கேளுங்கள்.

பழைய பைக் பார்க்கப் போனால், கைப்பிடியின் நுனி, லீவரின் நுனி, கால்மிதியின் நுனி இவற்றில் உராய்ந்த தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். விழுந்த பைக்கின் ஃபேரிங்கை மாற்றிவிடுவார்கள், இவற்றை மறந்துவிடுவார்கள். முன் ஃபோர்க்கின் வழவழப்பான குழாயில் எண்ணெய்ப் படலம் இருந்தால் சீல் போய்விட்டது. புகைபோக்கி மாற்றப்பட்டிருந்தால், அது ஆணையத்தின் அனுமதி பெற்றதா, பழைய அசல் புகைபோக்கி கூடவே வருகிறதா என்று கேளுங்கள். மூன்று ஆண்டு கடந்த பைக் ஒவ்வோர் ஆண்டும் பரிசோதனைக்குப் போக வேண்டும், அப்போது தவிப்பது நீங்கள்தான். ஒரு கடையில் நான் அசல் புகைபோக்கியைக் கேட்டபோது, "இந்தச் சத்தத்துக்குத்தானே எல்லோரும் வாங்குகிறார்கள்" என்று பேச்சை மாற்றினார்கள். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கடைசியில் நான் எடுத்தது கவாசாக்கி நிஞ்ஜா 650. 790 மில்லிமீட்டர் இருக்கை, ஏறக்குறைய 193 கிலோ, 68 குதிரைத்திறன், 6,700 சுற்றில் உச்ச இழுவை. பின் டயர் 160 அகலம்தான், 180 டயரைவிட மாற்றும் செலவு குறைவு. வெப்பம் உண்டு, ஆனால் ஃபேரிங் அதைக் காலுக்குக் கீழே தள்ளுகிறது. அம்மா முதல்முறை ஏறியபோது இரண்டு கைகளாலும் பின் இருக்கையின் அடியைப் பிடித்துக்கொண்டு, "பழைய வண்டியைவிட உயரம், ஆனால் முதுகு வலிக்கவில்லை" என்றார். ஈசூன் பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் பூசை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சை வைத்து நசுக்கியதும் அவருடைய ஏற்பாடுதான்.

அண்ணன் இதை ஸ்போர்ட்ஸ் பைக் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. கைப்பிடி உயரமாக இருக்கிறதாம், சஸ்பென்ஷன் மிருதுவாம். அவர் சொல்வது உண்மை. மலேசியாவின் செப்பாங்கில் 5.543 கிலோமீட்டர் பந்தயத் தடத்தைச் சுற்றுபவர் அவர். அங்கே இசட்எக்ஸ்-6ஆர் ஏன் அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது முதல் வளைவிலேயே புரியும் என்கிறார். ஆனால் அவரிடம் வேலைக்குப் போக ஒரு பழைய 150 சிசி ஸ்கூட்டரும் இருக்கிறது. இரண்டு சான்றிதழ், இரண்டு காப்புறுதி கட்ட முடிந்தவருக்கு அது சரியான தேர்வு. ஒரே பைக்கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்ய வேண்டியவர்கள் அவர் பேச்சைக் கேட்டு இசட்எக்ஸ்-6ஆர் மாதிரி ஒன்றை வாங்கினால், ஒரு வருடத்துக்குள் விற்பனைக்குப் போடுவார்கள்.

தம்பியின் தேடல் இன்னும் முடியவில்லை. நிஞ்ஜா 400, யமஹா ஆர்3, அந்த இசட்எக்ஸ்-4ஆர் என்று மூன்றில் நிற்கிறான். அவன் வேலை ஜூரோங்கில், உணவு விநியோகமும் பகுதி நேரமாகச் செய்கிறான், அதாவது நாளெல்லாம் நின்று கிளம்பி நின்று கிளம்பும் ஓட்டம். முதல் இரண்டும் 170 கிலோவுக்குள், மூன்றாவது 189. விநியோக வேலைக்குத் தனிக் காப்புறுதி வேண்டும் என்பதால், மூன்றுக்கும் எழுத்தில் கட்டணம் கேட்டிருக்கிறோம். பதில் வந்த பிறகு உபியில் உள்ள கடைகளுக்கு இருவரும் போகிறோம், விநியோகப் பெட்டியைப் பின்னால் கட்டி உட்கார்ந்து பார்க்க அனுமதிக்கும் கடையாகப் பார்த்து.